முருங்கையில் கட்டிய ஏரியல்

யுத்த காலத்திலும் நாங்கள் பாலையூற்றில் இதே வீட்டில்தான் இருந்தோம். வீட்டு ஸ்டீரியோ செட்டில் எப்.எம். வைத்தால் ஒரே இரைச்சல். என் கணவர் ஒரு செப்புக் கம்பியை ஏரியலாகச் செட்டில் பொருத்தி, ஜன்னல் வழியே எடுத்து, முற்றத்து முருங்கையில் கட்டினார். அதற்குப் பிறகு பாட்டு அவ்வளவு தெளிவாகக் கேட்டது.

அடுத்த கிழமை ஆமியின் சுற்றிவளைப்பு; வீடு வீடாகத் தேடினார்கள். அவர் வேலைக்குப் போயிருந்தார். உள்ளே வந்த சிப்பாய் கம்பியைக் காட்டி, "இதில யாரோட கதைக்கிறது?" என்று அரைகுறைத் தமிழில் கேட்டான். பக்கத்து வீட்டு ரெஜினா அக்கா ஈர உடுப்போடு வந்து, "அது உடுப்புக் காயப்போடுற கொடி, சேர்" என்றபடி ஒரு சாரத்தை அதில் விரித்துப் போட்டா. அவன் சற்று நேரம் பார்த்துவிட்டுப் போய்விட்டான்.

பின் ஒழுங்கையில் ஒரு வீட்டிலும் இதே மாதிரிக் கம்பி இருந்தது. அந்த வீட்டுப் பெடியனை அன்று ஏற்றிக்கொண்டு போனார்கள். இன்றுவரை ஒரு தகவலும் இல்லை.

இப்போது நான் கம்பியை அறைக்குள்ளேயே சுவரோடு நீட்டி ஒட்டியிருக்கிறேன். ஓரளவு கேட்கும். "கூரையில கட்டினா இன்னும் நல்லாக் கேக்கும் அம்மா" என்கிறான் மகன். "ஏலாது" என்று மட்டும் சொல்வேன்.

அந்தப் பெடியனின் தாய் இன்னும் பின் ஒழுங்கையில்தான் இருக்கிறா. அவவின் வாசலில் நின்றால் எங்கள் கூரை தெரியும்.