கூட்ஸ் டிரைவரின் வேகம்

கோர்படி ரயில்வே காலனியில் எங்கள் எதிர்வீட்டுக்காரர் கூட்ஸ் ரயில் ஓட்டுபவர். அவர் ஸ்கூட்டரைச் சைக்கிள்கள்கூட முந்தும். வீட்டுக் கம்ப்யூட்டரில் மட்டும் பயாஸ் என்கிற அடிப்படை செட்டிங்குக்குள் நுழைந்து, பிராசசரை அதற்கு விதித்த வேகத்துக்கு மேல் விரட்டுவார். அது சூடாகுமென்று மே மாதத்திலும் டேபிள் ஃபேன் அதன் பக்கமே திரும்பியிருக்கும்.

"கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்களேன்" என்றேன், ஒருநாள் அவர் வீட்டில் வேர்த்து வழிந்தபடி.

"உங்களுக்கு வேர்த்தா துண்டு தரேன் சார். அதுக்கு வேர்க்கத் தெரியாதே!"

"இவ்வளவு வேகம் எதுக்கு?"

"டியூட்டில வழி பூரா ஸ்பீடு போர்டு வெச்சிருக்கான். இங்க கேக்க ஆளில்ல."

சொல்லிக்கொண்டே வேகத்தை இன்னொரு படி ஏற்றினார். திரை இருண்டது, திரும்ப வரவேயில்லை. சிவப்பு சிக்னலில் நிற்பவர்போல் சற்று நேரம் கைகட்டி உட்கார்ந்திருந்தார். பிறகு ஃபேனை என் பக்கம் திருப்பினார்.