பிலோமினா சொல்லி முடிக்காத புட்டிங்

போன வாரம் என் தம்பி மகள் போனைத் தட்டி எதையோ வரவழைத்தாள். கண்ணாடி மாதிரி ஒரு டப்பாவில் அடுக்கடுக்காகப் பழம், க்ரீம், கேக்குத் துண்டு, உச்சியில் உருக்கி ஊற்றின சாக்லேட். மூடியைத் திறந்ததும் வாழைப்பழமும் சாக்லேட்டும் கலந்த வாசனை வந்தது. ஒரு ஸ்பூன் வாயில் போட்டுக்கொண்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா பச்சைக் கற்பூரம் போடலையே" என்றேன். அவள் பார்த்த பார்வையில், என்னை எந்த டாக்டரிடம் கூட்டிப்போவது என்று யோசிப்பது தெரிந்தது.

அவளுக்கு விளக்க வேண்டுமானால் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டும். அதற்குள் டப்பா காலியாகிவிடும். உங்களுக்குச் சொல்கிறேன், உங்களுக்குப் பொறுமை உண்டு.

எழுபதுகளின் கடைசியில் திருவண்ணாமலை எக்ஸ்சேஞ்சில் நான் ஆபரேட்டர். ஊரில் யார் போனை எடுத்தாலும் எங்கள் போர்டில் அவர்கள் எண்ணுக்கு மேல் குன்றிமணி அளவுக்கு ஒரு விளக்கு எரியும். ஒயரைச் செருகி "நம்பர் ப்ளீஸ்" என்போம். யார் யாருடன் பேசுகிறார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். என்ன பேசுகிறார்கள் என்பது தெரியாது. தெரியாது என்றுதான் இன்றைக்கும் சொல்வேன்.

என்னோடு வசந்தா, ஷம்ஷாத். வசந்தா கீழ்பென்னாத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். எதைக் கேட்டாலும் "எனக்குத் தெரியாததா?" என்றுதான் ஆரம்பிப்பாள். ஷம்ஷாத் உள்ளூர். அவளுடைய அத்தா கூல்டிரிங்ஸ் கடை வைத்திருந்தார், அதனால் எங்கள் மூவரில் ஃப்ரிட்ஜ் உள்ள வீடு அவளுடையது. எங்களுக்குள் ஓர் ஏற்பாடு உண்டு. பொங்கல், தீபாவளி, கார்த்திகை தீபத்துக்கெல்லாம் எங்கள் டூட்டியை ஷம்ஷாத் பார்ப்பாள். ரம்ஜான், பக்ரீத்துக்கு அவள் டூட்டியை நாங்கள் பார்ப்போம். ரொம்ப நியாயமான ஏற்பாடு என்றுதான் நினைத்திருந்தேன். பண்டிகை எங்கள் பக்கம்தான் ஜாஸ்தி என்பது எனக்குத் தோன்றவே இல்லை. நியாயம் நம் பக்கம் இருக்கும்போது யார் எண்ணிப் பார்க்கிறார்கள்?

நான் சொல்லவந்த வருஷம், கார்த்திகைக்கு அடுத்த மாதம் ஷம்ஷாத்துக்கு பெங்களூரில் நிக்காஹ். வேலையை விடப்போகிறாள். ஒருநாள் சாப்பிடும்போது போகிற போக்கில் சொன்னாள்: "நான் இன்னும் தீபம் ஏத்துறத பாத்ததில்லடி."

நாங்கள் சிரித்துவிட்டோம். மலையடியில் பிறந்தவள் பேசுகிற பேச்சா இது?

"எரியிறத பாத்துருக்கேன். ஏத்துற அந்த நிமிஷத்த பாத்ததில்ல. சின்னதுல கூட்டத்துக்கு பயந்து வெளிய வுட மாட்டாங்க. வேலைக்கு வந்து நாலு வருஷமா ஆறு மணிக்கு போர்டுலதான உக்காந்துருக்கேன்."

யாருக்குப் பதிலாக உட்கார்ந்திருந்தாள் என்று அவள் சொல்லவில்லை. நான் புளிச்சாதத்தை மூடிவைத்தேன். அன்றே முடிவு செய்தோம்: இந்த வருஷம் ஷம்ஷாத் எக்ஸ்சேஞ்ச் மொட்டை மாடியில் நின்று தீபம் பார்க்கிறாள், பார்த்ததும் மூன்று பேரும் சேர்ந்து ஒரு விருந்து சாப்பிடுகிறோம். அப்படியானால் ஆறு மணிக்குப் போர்டில் யார்? இந்தக் கேள்வியை நானும் வசந்தாவும் வெகு சாமர்த்தியமாகத் தள்ளிப்போட்டு, விருந்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

விருந்துக்கு யோசனை தந்தவள் பிலோமினா. மெட்ராஸ் ஆபரேட்டர். மத்தியானம் லைன் சும்மா இருக்கும்போது பேசிக்கொள்வோம். முகம் தெரியாது, குரல் மட்டும்தான். கிறிஸ்துமஸுக்கு அவள் வீட்டில் செய்கிற சாக்லேட் பழ புட்டிங்கை எனக்கு ஒப்பித்தாள். "பிஸ்கட்ட கோகோவுல நனைச்சு அடியில அடுக்கு. அதுமேல பழம். அதுமேல கஸ்டர்ட். மேல சாக்லேட்ட உருக்கி ஊத்து. கடைசியா, மறக்காம..." அவ்வளவுதான். மழைக்காலம், லைன் செத்துவிட்டது. அது சரியாவதற்கு இரண்டு நாளானது. "திரும்ப கேக்கலாமா?" என்றேன். "கேவலம், ஒரு புட்டிங்கு. நமக்குத் தெரியாததா?" என்றாள் வசந்தா. ஊர் மானம் கருதிக் கேட்கவில்லை.

தேரடி வீதியில் ஆப்பிள் வாங்கப் போனேன். பழக்காரம்மா எடை போடுவதற்கு முன்பே, "இன்னாம்மா, யாருக்கு ஒடம்பு செரியில்ல?" என்று கேட்டாள். அந்தக் காலத்தில் ஆப்பிள் என்பது ஆஸ்பத்திரிக்குப் போகிற பழம். யாருக்கும் ஒன்றுமில்லை, நாங்களே சாப்பிடப்போகிறோம் என்றதும், அவள் என்னை ஊதாரி என்று முடிவுகட்டி விலையை ஏற்றிவிட்டாள். ஆசிரமத்துக்கு வருகிற வெள்ளைக்காரர்களுக்காக ஒரு கடையில் வைத்திருந்த சாக்லேட் மூன்று கட்டி வாங்கினோம். தரம் பார்த்ததில் ஒன்று போய், இரண்டு மிஞ்சியது.

தீபத்தன்று காலை எங்கள் வீட்டுச் சமையலறையில் மூவரும் கூடினோம். "பொரி உருண்டை புடிக்கிற நாள்ல இன்னாடி இது கரிச்சட்டி?" என்று அம்மா முணுமுணுத்தாள். சாக்லேட்டை நேராக அடுப்பில் வைத்ததால் அது அப்போது அப்படித்தான் இருந்தது. இரண்டாவது கட்டியைத்தான் கொதிக்கிற தண்ணீர் மேல் கிண்ணம் வைத்து உருக்கினோம். ருசி பார்க்கத்தான் ஆளில்லை. எனக்கும் வசந்தாவுக்கும் விரதம், தீபம் பார்க்கும்வரை பச்சைத் தண்ணீர் கிடையாது. ஷம்ஷாத்திடம் ஸ்பூனை நீட்டினால், "நீங்க சாப்புடாம இருக்கும்போது எனக்கு எப்பிடிடி எறங்கும்?" என்று தள்ளிவிட்டாள். புட்டிங்கை ஒரு தூக்குச்சட்டியில் அடுக்கி அவள் வீட்டு ஃப்ரிட்ஜுக்கு அனுப்பினோம்.

சாயங்காலம் அந்தக் கூட்டத்தில் நீந்தி, பக்கெட் ஐஸுக்குள் தூக்கை வைத்து அவளே எடுத்து வந்தாள். சூப்பர்வைசர் குடும்பத்தோடு கோயிலுக்குப் போய்விட்டார். டூட்டி சீட்டில் இருந்தது என் பெயர். ஆறடிக்கப் பத்து நிமிஷம். மாடிப்படி அடியில் மூன்று பேரும் நின்றோம். ஷம்ஷாத் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீங்க போங்கடி. வெரதம் வேற இருக்கீங்க. நான் போர்டுல இருக்கேன், பழக்கந்தான" என்றாள்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அவள் இப்படிச் சொல்லுவாள் என்று காலையிலிருந்தே உள்ளுக்குள் காத்திருந்தேன். சொன்னபிறகுதான் வெட்கமாக இருந்தது. "மேல போடி" என்று அவளைப் படியில் தள்ளினேன்.

இரண்டு படி ஏறித் திரும்பினாள். "பயப்படாத. அந்த நேரத்துல ஒரு லைட்டும் எரியாது. மெட்ராஸ் லைன் மட்டும் வரும், பிலோமினா. அவங்கம்மா நம்ம ஊராம். ஹெட்செட்ட ஜன்னல்கிட்ட காட்டு, போதும்."

ஆறு மணி. அவள் சொன்னது சரிதான். வாழ்நாளில் முதல் தடவையாகப் போர்டு முழுக்க இருட்டாக இருந்தது. ஊரில் ஒருவர்கூடப் போனை எடுக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே எதிர்வீட்டு மாடியில் ஜனங்களின் முதுகுதான் தெரிந்தது. எல்லாரும் மலையைப் பார்த்திருந்தார்கள். மெட்ராஸ் விளக்கு ஒன்று மட்டும் எரிந்தது. செருகினேன்.

"ஷம்ஷாத், ஏத்திட்டாங்களா?"

பதில் சொல்வதற்குள் ஊரே "அரோகரா" என்று எழுந்தது. ஒயர் போகிற மட்டும் இழுத்து ஹெட்செட்டை ஜன்னலுக்கு வெளியே நீட்டினேன். திரும்பக் காதில் வைத்தபோது, "கேட்டுச்சு, கேட்டுச்சு" என்று பிலோமினா அழுதுகொண்டிருந்தாள். நானும் அழுதேன். நாலு வருஷம் ஷம்ஷாத் இந்த அறையில் தனியாக உட்கார்ந்து கேட்டது இதைத்தான். அப்போதெல்லாம் நான் மாடியில் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தேன்.

லைன் போனபிறகுதான் ஞாபகம் வந்தது, கடைசியாக என்ன போட வேண்டும் என்று கேட்டிருக்கலாமே!

வசந்தாவோடு ஷம்ஷாத் இறங்கி வந்தாள். "மொதல்ல ஒரு பொட்டு மாதிரி வந்துச்சுடி. அப்புறம்..." என்றவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். தூக்கைத் திறந்தோம். முதல் ஸ்பூன் உள்ளே போனதும் மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

"சாக்லேட்டு எங்கடி?" என்றாள் வசந்தா.

விசாரணையில் உண்மை வெளிவந்தது. மறக்காமல் போட வேண்டியது வாசனைக்கு ஏலக்காய்தான் என்று நான் கஸ்டர்டில் ஒரு பிடி போட்டிருந்தேன். வசந்தா நான் அந்தப்பக்கம் போன நேரத்தில் பச்சைக் கற்பூரம் தூவியிருந்தாள். ஷம்ஷாத் தன் வீட்டில் பன்னீர் தெளித்திருந்தாள். கல்யாண வீட்டு வாசலிலிருந்து கர்ப்பக்கிரகம்வரை எல்லா வாசனையும் இருந்தது. பட்டினி வயிறு, தூக்கை வழித்துத் தின்றோம்.

ஷம்ஷாத் பெங்களூர் போனாள். கொஞ்ச நாள் கடிதம் வந்தது, அப்புறம் இல்லை. ஆட்டோமேட்டிக் வந்து, போர்டைப் பிரித்து லாரியில் ஏற்றினார்கள். பிலோமினாவின் குரலும் அதோடு போயிற்று. அந்த மொட்டை மாடிக்கு முன்னால் இப்போது நாலு மாடி லாட்ஜ். தீபத்தன்று ஆறு மணிக்குத்தான் இப்போது ஊரில் எல்லாரும் போனை எடுக்கிறார்கள்.

போன தீபத்துக்கு நானும் எடுத்தேன். சத்தம் எழும்பியதும் ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பிடித்தேன்.

"யாருக்கு அத்தை? நீங்க இன்னும் டயலே பண்ணலையே" என்றாள் தம்பி மகள்.

ஒரு காலத்தில் ஊர் நம்பர் அத்தனையும் எனக்கு மனப்பாடம். அந்த இரண்டு பேர் நம்பர்தான் என்னிடம் இல்லை.