வாத்து வீட்டுக் கோனல்

ஊனா ஸ்வீனி கிளாஸ்கோ கப்பலைப் பிடிக்க டெர்ரி பேருந்தில் ஏறியது 1958 பிப்ரவரியில், புனித பிரிஜிட் திருநாளுக்கு மறுநாள். ஆலங்கட்டி மழை சடசடவென்று கொட்டியது. வழியனுப்ப வந்து நனைந்து நின்ற கோனல் கேலஹரிடம், படியில் நின்றபடியே அவள் சொல்லிவிட்டாள்.

“உன்மேல எனக்கு ஒரு குறையும் இல்ல, கோனல். ஆனா வாத்து வீட்டு மருமகள்னு காலம்பூரா என்னால பேரு கேட்க முடியாது. ஊர் உனக்கு வேற பேரு வைக்கட்டும். மறுநாளே வந்து நிக்கிறேன்.”

ஓட்டுநர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். “பேசி முடிச்சாச்சா வாத்து? நான் கிளம்பணும்.”

மீனாலெக் என்ற அந்த ஐரிஷ் ஊரில் பாதிப் பேர் கேலஹர்கள். மீதிப் பேர் கேலஹர் வீட்டில் பெண் எடுத்தவர்கள். கோனல் கேலஹர் என்றே ஆறு பேர் இருந்தார்கள். அதனால் குடும்பப் பெயர் அங்கே கல்யாணத்துக்கும் கல்லறைக்கும்தான். மற்றபடி ஒவ்வொரு வீட்டுக்கும் ஊர் சூட்டிய பட்டப்பெயர்தான் புழக்கம். செம்பட்டை வீடு, பாலத்தடி வீடு என்று பலருக்குக் கௌரவமாகவே அமைந்திருந்தது. கோனலின் தாத்தாவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பூசைக்குப் போகும் வழியில் ஓர் ஆண் வாத்து அவரைத் துரத்தியது. புதுக் கோட்டோடு கல்சுவரில் ஏறியவர், பூசை முடிந்து ஊரே திரும்பி வரும்வரை இறங்கவில்லை. வாத்து கீழேயே காவல் இருந்தது. அன்று ஒட்டிய பெயர் பேரன்வரை வந்துவிட்டது.

பட்டப்பெயரை யாரும் தனக்குத் தானே வைத்துக்கொள்ள முடியாது. ஊர் பார்த்து வைத்தால்தான் உண்டு. கோனல் முதலில் படிப்பை நம்பினான். குடும்பப் பெயர்களின் பூர்வீகத்தைத் தேடிப் படித்துவிட்டு, ஒரு சனிக்கிழமை மதுக்கடைக்குள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனான்.

“கேட்டுக்கங்கப்பா. கேலஹர்னா சும்மா இல்ல. பழைய ஐரிஷ்ல அதுக்கு ‘வெளிநாட்டு வீரம்’னு அர்த்தம்.”

“உங்க தாத்தாவ ஏத்திவிட்ட வாத்து எந்த நாட்டுதுடா?” என்றான் பாலத்தடி மிக்கி.

“ஸ்வீனின்னா ‘இனிமையானவன்’னு அர்த்தம், தெரியுமா?”

“அதான் அவ அவ்வளவு இனிமையா பேசிட்டுப் போனாளாக்கும்!”

அடுத்து, பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கிச் சிவப்புச் சாயம் அடித்தான். அந்தச் சுற்றுவட்டாரத்தில் அது ஒன்றுதான். மோட்டார் கோனல் என்று ஒரு வாய் சொல்லாதா என்று ஏங்கிக்கொண்டு தெருத்தெருவாக ஓட்டினான். “வாத்து பறக்க ஆரம்பிச்சிருச்சு, கோழியெல்லாம் உள்ள அடைங்க” என்றார்கள். பிறகு பிடில் கற்றுக்கொண்டான். அதற்கு என்ன சொன்னார்கள் என்பதை அவன் யாரிடமும் சொன்னதில்லை.

மூன்றாவது வருடம் நல்ல காலம் பிறந்ததுபோல் இருந்தது. ஃபாதர் மெக்கென்டியின் கார் சாலையை விட்டு வழுக்கிச் சதுப்புக்குள் இறங்கியது. கோனல் மார்பளவு சேற்றில் குதித்து, பருமனான அந்த மனிதரை முதுகில் சுமந்து கரையேற்றினான். ஞாயிறு பூசையில் அவர் பீடத்திலிருந்தே நன்றி சொல்லப் போவதாகப் பேச்சு அடிபட்டது. கோனல் தலைக்கு எண்ணெய் தடவி முன்வரிசையில் போய் உட்கார்ந்தான். சேற்றுக் கோனல் என்று வந்தாலும் சம்மதம்தான்.

“என் உயிரைக் காத்தவர் நம்ம கோனல் கேலஹர்” என்றார் ஃபாதர்.

ஆறு கோனல்களும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். கோயில் முழுக்க ஒரே கிசுகிசுப்பு. “எந்தக் கோனல்? செம்பட்டையா? அவன் அன்னிக்குச் சந்தையில இல்ல இருந்தான்?” உயிர் காத்தவனுக்குப் போக வேண்டிய புகழ் வேறொருவனுக்குப் போய்விடுமே என்று ஃபாதருக்குப் பதற்றம். கைகளை அகல விரித்து, கூரை அதிரச் சொன்னார்.

“வாத்து கோனல்ப்பா! நம்ம வாத்து!”

இனி என்ன செய்ய? பீடத்திலிருந்து வந்த பெயரை எந்தச் சோப்பு போட்டுக் கழுவ? கோனல் ஊனாவுக்குக் கடிதம் எழுதுவதை அன்றோடு நிறுத்தினான்.

நாலைந்து வருடம் கழித்து, ஒரு மே மாதக் காலையில் அவன் மதுக்கடைக் கூரையில் ஏறி ஓடு மாற்றிக்கொண்டிருந்தான். எதிரே தபால் நிலையத்தில்தான் ஊரின் ஒரே தொலைபேசி. அஞ்சல்காரி மேட்ஜ் வாசலுக்கு ஓடிவந்து, தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள்.

“ஏ வாத்து! கிளாஸ்கோவுலேர்ந்து உன் ஊனா பேசினா! உன்னக் கூப்பிடுறதுக்குள்ள லைன் போயிருச்சு. சொன்னத அப்படியே சொல்றேன், கேட்டுக்க. அவ வேலை செய்யற ஆஸ்பத்திரி அடுப்படியில நம்ம பக்கத்து ஊனா ஸ்வீனியே மூணு பேராம். ஆள் அடையாளம் தெரியணும்ல? இவ போய்ச் சேர்ந்த முதல் வாரத்துலயே இவளுக்குப் பேரு வச்சுட்டாங்களாம், ‘வாத்த விட்டுட்டு வந்த ஊனா’ன்னு. இத்தன வருஷமும் அதே பேராம். ‘இதக் கேட்டுக்கிட்டு இங்க இருக்கறதுக்கு அந்த வீட்டுக்கே வந்து தொலையலாம். வெள்ளிக்கிழமை பஸ்ஸுல வர்றேன், அவனுக்கு வேற எவளும் அமையலேன்னா வந்து நிக்கச் சொல்லு’ங்கறா!”