பாகு பதம் பார்த்த பல்

ஏழாம் வகுப்பு படிக்கும்போதே நான் உத்தியோகத்தில் இருந்தேன். கடிக்கிற உத்தியோகம். கோவில்பட்டியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால்தான் அப்பா கடலைமிட்டாய் போடுகிற கொட்டகை. வெல்லப்பாகு கொதித்துப் பொங்கும்போது ஒரு சொட்டை எடுத்துத் தண்ணீர்க் கிண்ணத்தில் விடுவார். இறுகிய அந்தச் சொட்டை நான் முன்பல்லால் கடித்துப் பார்க்க வேண்டும். 'டக்'கென்று ஒடிந்தால் பதம் வந்துவிட்டது, வறுத்த கடலையைக் கொட்டலாம். வளைந்து கொடுத்தால் இன்னும் கொஞ்சம் கொதிக்க வேண்டும். அப்பாவுக்குக் கரண்டியைத் தூக்கினாலே பதம் தெரியும். ஆனாலும் நான் தலையாட்டாமல் கடலையைக் கொட்ட மாட்டார். வகுப்பில் வேறு யாருக்கும் இப்படி ஒரு பதவி கிடையாது என்பதால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

ஒரு சனிக்கிழமை அந்தச் சொட்டு ஒடிய மறுத்தது. கடித்தேன், வளைந்தது. "இன்னும் வரலப்பா" என்றேன். மறுபடி ஒரு சொட்டு. அதுவும் வளைந்தது. அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்த சித்தப்பாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"அண்ணே, வாசன மாறுது. எறக்கிருவோம்."

"பொறுல. எம் மக பல்லு சொல்லுதுல்லா!"

மகளின் பல் சொன்னபடியே அப்பா காத்திருந்தார். பாகு தீய்ந்துபோய், அன்றைக்குப் போட்ட மிட்டாய் முழுவதும் கறுத்துக் கசந்தது. சித்தப்பா ஒரு வில்லையை எடுத்துத் தரையில் தட்டிப் பார்த்தார். "இத வித்தோம்னா, வாங்குனவன் இத வச்சே நம்ம மண்டய ஒடச்சிருவான்" என்று சொல்லி விழுந்து விழுந்து சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. என் முகவாயைப் பிடித்து, முன்பல்லில் விரலை வைத்து மெல்லத் தள்ளினார். பல் அசைந்தது. வளைந்து கொடுத்தது பாகு இல்லை, என் பல்தான்.

எனக்கு ஒரே குஷி. வலி கிடையாது, ரத்தம் கிடையாது, நாக்கால் தொட்டால் பல் ஆடுகிறது. திங்கட்கிழமை மதியத்துக்குள் பள்ளிக்கூடம் முழுக்க என் பல்லாட்டம் பிரபலமாகிவிட்டது. பார்க்க வந்த பெண்களை வரிசையில் நிற்க வைத்தேன்.

வீட்டில்தான் யாருக்கும் குஷி இல்லை. பால்பல் எல்லாம் எப்போதோ விழுந்து முளைத்தாகிவிட்டது, இது என்ன புதுசாக என்று அம்மா பயந்துபோனாள். பயம் வந்தால் அவளுக்கு வாய் நிற்காது. "ஊருக்கெல்லாம் மிட்டாய் போட்டு வித்து, பெத்த பிள்ள பல்லையும் சேத்து உருக்கிட்டீகளே" என்று அப்பாவைப் பிடித்துக்கொண்டாள். எதற்கும் ஒரு எதிர்ப்பேச்சு வைத்திருக்கிற அப்பா, அன்றைக்கு என் கையிலிருந்த மிட்டாயை வாங்கி டப்பாவில் போட்டு மூடினார்.

மறுநாளிலிருந்து கொட்டகைக்குள் எனக்கு அனுமதி இல்லை. சொட்டை அவரே கடித்துக்கொண்டார். வில்லை வெட்டும்போது உதிர்கிற உடைசலை என் கையில் அள்ளித் தருகிறவர், மிட்டாய் டப்பாவைப் பரண்மேல் ஏற்றிவிட்டார். என் முகத்தைப் பார்த்துப் பேசவும் இல்லை. ஒரு நாள் பாகைத் தீய்த்ததற்காக ஒரு மனுஷர் இத்தனை கோபம் வைத்திருப்பாரா என்று எனக்கு அழுகை அழுகையாக வந்தது. பல் போனாலும் பரவாயில்லை, பதவி திரும்பக் கிடைத்தால் போதும் என்று இருந்தது.

எஸ்.டி.டி. பூத்திலிருந்து போன் போட்டுச் சொல்லி வைத்து, திருநெல்வேலியில் ஒரு பல் டாக்டரம்மாவிடம் அப்பா என்னை அழைத்துப் போனார். அந்த அம்மா சின்னச் சின்னதாக எக்ஸ்ரே எடுத்து, படத்தை விளக்குக்கு நேரே பிடித்துக் காட்டினார்.

"பல்லு நல்லாத்தான் இருக்கு, ஒரு சொத்தை இல்ல. பல்லைப் பிடிச்சிருக்கிற எலும்புதான் கரைஞ்சிருக்கு. முன்பல்லுலயும் கடவாய்ப்பல்லுலயும் பாருங்க. நல்ல ஆரோக்கியமான பிள்ளைகளுக்கும் அபூர்வமா இப்படி வரும்."

"அப்ப மிட்டாயினால வரலியா, டாக்டரம்மா?"

"இனிப்புக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. இது ஒரு மாதிரிக் கிருமி. சில குடும்பத்துல வழிவழியாவும் வரும்."

அப்பா அதே கேள்வியை வேறு வேறு விதமாகத் திரும்பத் திரும்பக் கேட்டார். டாக்டரம்மாவும் சலிக்காமல் இல்லை, இல்லை என்றார். அப்பாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஈறுக்கடியில் சுத்தம் செய்ய வேண்டும், மாத்திரை சாப்பிட வேண்டும், மாதா மாதம் வரவேண்டும் என்று டாக்டரம்மா சொன்னதற்கெல்லாம் சிரித்தபடியே தலையாட்டினார். அந்த வைத்தியத்தின் புண்ணியத்தில் அதே முன்பற்களை வைத்துக்கொண்டுதான் இன்றைக்கும் சிரிக்கிறேன். முறுக்கை மட்டும் கொஞ்சம் பார்த்துக் கடிக்கிறேன்.

திரும்பும்போது பாசஞ்சர் ரயில் கடம்பூரில் நின்றது. அப்பா இறங்கி ஓடிப்போய்க் கை கொள்ளாமல் போளி வாங்கி வந்தார். எனக்கு ஒன்றைக் கொடுத்துவிட்டு, முன்பின் தெரியாத எதிர்சீட்டுக்காரரிடமும் நீட்டினார்.

"எடுத்துக்கோங்க அண்ணாச்சி. எம் மகளுக்கு ஒத்தப் பல்லுகூடச் சொத்த இல்லயாம்! எலும்புதான் கரஞ்சிருக்காம்!"

அந்த மனிதர் போளியைக் கையில் வைத்துக்கொண்டு, சந்தோஷப்படுவதா துக்கப்படுவதா என்று தெரியாமல் என்னைப் பார்த்தார். அப்பா அடுத்த சீட்டுக்குப் போய் அதையே சொன்னார். பெட்டி முழுக்கச் சொன்னார். எனக்கு மானமே போயிற்று. மகளின் எலும்பு கரைந்ததற்கு ஊரார் வாய்க்கு இனிப்புப் போடுகிற அப்பாவை நான் எங்கேயும் கேள்விப்பட்டதில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து, கோவில்பட்டி வரும்வரை அவரோடு பேசாமலே வந்தேன். இந்த மனுஷருக்கு என்னைவிட அவருடைய மிட்டாய்தான் பெரிது என்று அன்றைக்கு முடிவே கட்டிவிட்டேன்.