ஏ பக்கம் ஊருக்கு, பி பக்கம் எனக்கு

போன சனிக்கிழமை காலை. விவேக் நகரில் ஒரு மாடி அறை. நாங்கள் நான்கு பேர் ஒரு ஆடியோ கேசட்டைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம்.

அதன் ஐந்து குட்டி ஸ்க்ரூக்களில் நான்கு கழன்றுவிட்டன. ஐந்தாவது துருப்பிடித்து அசைய மறுத்தது. டேப் ரெகார்டர் ரிப்பேர் செய்யும் ரியாஸ் பாய் அதன்மேல் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுவிட்டு, கண்ணாடியைக் கழற்றி நிதானமாகத் துடைத்தார். கீழே டெய்லர் கடையில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியாக மழைக்கு முந்தைய வெளிச்சம்... இந்த ஊருக்கே உரிய அந்தச் சாம்பல் வெளிச்சம்.

ஒரு கேசட்டுக்கு இத்தனை மரியாதையா? இருங்கள், சொல்கிறேன்.

எங்கள் அபார்ட்மென்டில் மேல் வீட்டுப் பெண் நந்தினி. மைசூர் பக்கம். வாரத்தில் ஐந்து நாள் சாஃப்ட்வேர். சனிக்கிழமையானால் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாள். எங்கே என்று ஒரு நாள் லிஃப்டில் கேட்டேன். இந்த நகரத்தில் ஆணை நேசித்த ஆண்கள், பெண்ணை நேசித்த பெண்கள், அவர்களுடைய வரலாற்றைச் சேர்த்து வைக்கிறோம் என்றாள். சாதாரணமாக, காய்கறி வாங்கப் போகிறேன் என்பது மாதிரி.

"அதுக்கெல்லாம் வரலாறு இருக்கா?" என்று கேட்டேன். நாற்பது வருடமாக எழுதுகிறவள் கேட்கிற கேள்வியா அது?

இருக்கிறது, யாரும் எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான் என்றாள். நாலாவது மாடி வந்துவிட்டது.

பிறகு ஒரு நாள் அந்த அறைக்கு என்னைக் கூட்டிப் போனாள். ஒரு ஸ்டீல் பீரோ, ஒரு மேசை, நாலு நாற்காலி. பீரோவுக்குள் துண்டுப் பிரசுரங்கள், போஸ்டர்கள், யாரோ யாருக்கோ எழுதிய பிறந்தநாள் அட்டைகள், முகம் விழாமல் முதுகுப் பக்கமாக எடுத்த போட்டோக்கள். ஆண்களைப் பற்றி நிறைய இருந்தது. பெண்களைப் பற்றி ஒரு மெல்லிய ஃபைல். அதில் தமிழில் ஒன்றுகூட இல்லை.

அதற்காகத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறாள். ஒக்கலிபுரத்தில் கஸ்தூரி என்று ஒரு அம்மா இருக்கிறார், பேசச் சம்மதித்திருக்கிறார், ஆனால் தமிழில்தான் பேசுவாராம். நீங்கள் வந்து கேட்க வேண்டும் ஆன்ட்டி.

கஸ்தூரி அக்கா இதே ஊரில் பிறந்தவர். கன்னட மீடியம். தமிழ் எழுதப் படிக்கத் தெரியாது. அப்புறம் ஏன் தமிழ்? முதல் நாளே கேட்டுவிட்டேன்.

"கன்னடத்துல கணக்குச் சொல்வேன், சண்டை போடுவேன். இது தமிழ்லதான்மா நடந்துச்சு" என்றார்.

ரயில் போகும்போதெல்லாம் பாத்திரங்கள் லேசாக ஒலிக்கும் ஒற்றை அறை வீடு. வயது அறுபத்து நாலு. தலையை அழுத்தி வாரி, ஒரே ஊசியில் கொண்டையைக் குத்தியிருந்தார். ரெகார்டரை வைத்ததும் அவர் பேச ஆரம்பித்தது காதலைப் பற்றி அல்ல... மோட்டாரைப் பற்றி.

பீன்யாவில் ஒரு மோட்டார் கம்பெனி. காயில் சுற்றுகிற பிரிவு முழுக்கப் பெண்கள். செம்புக் கம்பியை எண்ணி எண்ணிச் சுற்ற வேண்டும். ஒரு சுற்று தப்பினாலும் மோட்டார் எரிந்துவிடும். அதனால் சுற்றும்போது பேச முடியாது. ஒரு காயில் முடிந்து அடுத்தது ஆரம்பிப்பதற்குள் ஒரு வாக்கியம் பேசலாம். பக்கத்து மெஷினில் ஸ்டெல்லா.

"ஒரு பேச்சு முடிய மூணு நாள் ஆவும்" என்றார். "இன்னைக்கு அவ ஒண்ணு கேட்டா, நாளைக்கு மத்தியானம்தான் நான் பதில் சொல்லுவேன். நடுவுல எல்லாம் நம்பருதான் ஓடும்."

எனக்கு அப்போதே மனசு எங்கோ போய்விட்டது. ஒரு பெரிய ஷெட், வார்னிஷ் வாசனை, வரிசையாகப் பெண்கள் உதடு அசைய எண்ணுகிறார்கள். அந்த எண்களுக்கு நடுவில் இரண்டு பேர் சின்னச் சின்னதாக ஒரு வாழ்க்கையைப் பேசி முடிவு செய்துகொண்டிருக்கிறார்கள்...

ஸ்டெல்லா செஞ்சிப் பக்கத்து ஊர். தமிழ் மட்டும்தான் படிக்கத் தெரியும். இருவரும் சேர்ந்து இந்த அறையை வாடகைக்குப் பிடித்தார்கள். அக்கா தங்கச்சி என்று ஓனர் அவராகவே நினைத்துக்கொண்டார். இவர்கள் திருத்தவில்லை. முப்பது வருடத்துக்கு மேல் அப்படியே ஓடியது.

உங்கள் உறவுக்கு நீங்கள் என்ன பேர் வைத்திருந்தீர்கள் என்று நந்தினி கேட்கச் சொன்னாள். கேட்டேன்.

"பேரெல்லாம் தெரியாது. நாங்க ஒரு வீடு. அவ்ளோதான்."

இரண்டு வருடம் முன்னால் ஸ்டெல்லா இறந்துபோனார். கர்ப்பப்பையில் புற்றுநோய். அண்ணன் குடும்பம் வந்து உடலைச் சொந்த ஊருக்குக் கொண்டுபோனது. கஸ்தூரியும் பின்னாலேயே பஸ்ஸில் போய், கல்லறைத் தோட்டத்தில் ஊர்ஜனத்தோடு ஜனமாக நின்றுவிட்டுத் திரும்பினார். மறுவாரம் அண்ணன் மகன் வந்து, அத்தையுடைய பொருள் என்று தையல் மெஷினையும் போட்டோ ஆல்பத்தையும் எடுத்துப் போனான். கெட்ட பையன் இல்லை, சொந்தப் பாட்டியைக் கும்பிடுவதுபோல் கும்பிட்டுவிட்டுத்தான் போனான் என்றார். அவனுக்கு அது அத்தையின் ஆல்பம். கஸ்தூரிக்கு அது...

சட்டத்தின் முன் நிரூபிக்க ஒரு காகிதம் கிடையாது. மாட்டி வைக்க ஒரு படம் கிடையாது. மிச்சம் இருந்தது ஒரு கேசட். மேலே மாதா பாடல்கள் என்று லேபிள் ஒட்டியிருந்ததால் தப்பித்தது.

அதன் கதை இது. சேர்ந்து வாழ ஆரம்பித்த மூன்றாம் வருடம், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஸ்டெல்லாவை ஊருக்கு வரவழைத்தார்கள். போனபிறகுதான் தெரிந்தது, மாப்பிள்ளை பார்த்திருக்கிறார்கள். ஐந்து மாதம் வெளியே விடவில்லை. கடிதம் போடலாம் என்றால் ஒருத்திக்குத் தமிழ் மட்டும் தெரியும், மற்றவளுக்குக் கன்னடம் மட்டும். கடிதம் வந்தால் ஓனர் மகளிடம் கொடுத்துத்தான் படிக்கச் சொல்ல வேண்டும். நடக்கிற காரியமா?

வீட்டில் எல்லாரும் திருவிழாவுக்குப் போயிருந்த நேரம், துபாயிலிருந்து வந்த மாமா மகனுடைய டேப் செட்டில், பாட்டுக் கேசட்டின் மேலேயே இரண்டு பக்கமும் ஸ்டெல்லா பேசிப் பதிவு செய்தார். கம்பெனித் தோழி ஒருத்தி லீவு முடிந்து திரும்பும்போது கொண்டுவந்து கொடுத்தாள். அதைக் கேட்பதற்காகவே கஸ்தூரி ஒரு பழைய டேப் ரெகார்டர் வாங்கினார். அந்த செட் எப்போதோ போய்விட்டது. கேசட் மட்டும் கைக்குட்டையில் சுற்றி, அரிசி டின்னுக்குப் பின்னால்.

ஸ்டெல்லா போனபின் அதைக் கேட்டீர்களா? இல்லை. பயம். போட்டால் டேப் அறுந்துவிட்டால்? உள்ளே குரல் இருக்கிறது என்று தெரிந்தால் போதும், கேட்கவேண்டும் என்றில்லை என்றார்.

நந்தினிக்குத் தவிப்பு. டேப் சும்மா வைத்திருந்தாலே பூஞ்சை பிடிக்கும், இப்போதே கம்ப்யூட்டரில் ஏற்றாவிட்டால் குரலே போய்விடும் என்று எனக்கு விளக்கினாள். நான் அதைத் தமிழில் சொன்னேன். கஸ்தூரி அக்கா கேட்டுக்கொண்டார். டீ போட்டுக் கொடுத்தார். கேசட்டைத் திரும்ப டின்னுக்குப் பின்னால் வைத்தார்.

நாங்கள் கீழே இறங்கி வந்தோம். தெருமுனை வரை நடந்தோம். இது அவர்களுடையதுதானே, நாம் யார் பிடுங்க என்று அப்புறம் நந்தினியே சொன்னாள். எனக்கு அவள்மேல் மதிப்பு வந்த இடம் அது. சேர்த்து வைப்பவர்களுக்குச் சேர்க்காமல் விடவும் தெரிய வேண்டும் அல்லவா?

மூன்று வாரம் சத்தமே இல்லை. நாலாவது வாரம், சொல்லாமல் கொள்ளாமல், இரண்டு பஸ் மாறி, கஸ்தூரி அக்கா விவேக் நகருக்கே வந்துவிட்டார். தனியாக உட்கார்ந்து அவள் குரல் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தாராம். வரவில்லையாம்.

"முகம் வருது. குரல் வரலம்மா. ரொம்ப பேஜாராயிடுச்சு."

இப்போது அந்த மேசைக்கு வருகிறேன்.

ஐந்தாவது ஸ்க்ரூ கழன்றது. உள்ளே டேப்பின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு படலம். டேப்பின் ஆரம்ப முனை சுருளிலிருந்து ஏற்கெனவே விட்டிருந்தது. ரியாஸ் பாய் மெல்லிய துணியால் ஒற்றி ஒற்றித் துடைத்தார். அறுந்த முனையை ஒட்டி, வேறொரு புது கேசட் கூட்டுக்குள் சுருளை மாற்றினார். ஒரு தடவைக்கு நான் பொறுப்பு, இரண்டாவது தடவைக்கு அல்லாதான் பொறுப்பு என்று கஸ்தூரி அக்காவிடம் நேராகச் சொன்னார். அவர் தலையாட்டினார். கம்ப்யூட்டரோடு செட்டை இணைத்து, பட்டனை அழுத்தினார் பாய்.

முதலில் இரைச்சல். ஒரு பாட்டின் வால். அப்புறம் கோழிகள். தூரத்தில் மேளம். அப்புறம் மிகத் தாழ்ந்த குரலில், அடுத்த அறைக்குக் கேட்கக் கூடாது என்ற கவனத்தோடு, ஒரு இளம்பெண்.

"கஸ்தூரி... நான்தான்."

கஸ்தூரி அக்கா இரண்டு கையாலும் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

பெரிதாக ஒன்றும் இல்லை அந்தப் பக்கத்தில். வாடகையை அஞ்சாம் தேதிக்குள் கொடுத்துவிடு. ஊறுகாய் ஜாடியில் ஈரக் கையை வைக்காதே. இருமல் எப்படி இருக்கிறது? கோழி நடுவில் கத்துகிறது. குரல் நின்று, வாசலைப் பார்த்துவிட்டு வந்து, தொடர்கிறது. "மாப்ள கிட்ட எனக்கு வலிப்பு வரும்னு சொல்ட்டேன். பாவம், நல்ல மனுஷன். உடனே எழுந்து போயித் தண்ணி கொண்டாந்து குடுத்தாரு." ஒரு சிரிப்பு, கையால் வாயைப் பொத்திக்கொண்டு. முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் கழித்து, நாங்களும் சிரித்தோம். ரியாஸ் பாய் உட்பட.

கடைசியில்: "வர்ற புதன்கிழமை பஸ் ஏறிடுவேன். நீ ஸ்டாண்டுக்கு வராத, லீவு போடாத. வேலைக்குப் போயிட்டு வீட்டுக்கு வா. நான் இருப்பேன்."

டக். பக்கம் முடிந்தது.

அந்தப் புதன்கிழமை காயில் சுற்றும்போது இரண்டு தடவை எண்ணிக்கை தப்பியது என்றார் கஸ்தூரி அக்கா. சூப்பர்வைசர் திட்டினார். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் கதவு திறந்திருந்தது.

ரியாஸ் பாய் கேசட்டைத் திருப்பிப் போட்டார். கஸ்தூரி அக்கா கையை நீட்டிப் பட்டன்களை மூடினார்.

"ஏ பக்கம் ஊருக்குக் குடுக்கறேன். பி பக்கம் எனக்கு."

பதிவு செய்யாவிட்டால் அழிந்துவிடுமே என்று நந்தினி தயங்கினாள். யோசித்து வழி கண்டுபிடித்தவர் ரியாஸ் பாய்தான். ஸ்பீக்கரை அணைத்தார். ஹெட்ஃபோனை எடுத்துக் கஸ்தூரி அக்காவின் கொண்டைக்கு மேல் பதவிசாக மாட்டினார். பதிவாகட்டும், யாருக்கும் கேட்காது, காப்பி ஒன்று பென் டிரைவில் உங்களோடு போகும், இங்கே இருக்காது என்றார்.

முழு அரை மணி நேரம். டேப் சுற்றியது. மீட்டரின் முள் எழுந்து விழுந்தது, ஒரு குரல் ஏறி இறங்குவதைப்போல. வெளியே மழை பிடித்துவிட்டது. மூன்று பேரும் அசையாமல் அந்த முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கஸ்தூரி அக்காவின் முகத்தைப் பார்ப்பது நாகரிகம் இல்லை என்று மூவருக்குமே தோன்றியிருக்க வேண்டும். ஒருமுறை மட்டும் பார்த்தேன். கண்ணை மூடியிருந்தார். உதடுகள் லேசாக அசைந்தன... பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

முடிந்ததும் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். அனுமதிப் படிவத்தில் ஸ்டெல்லாவின் பெயரைப் போடலாம், ஊரும் இனிஷியலும் வேண்டாம், அவள் அண்ணன் வீட்டுக்கு நம்மால் வம்பு வரக் கூடாது என்றார். நந்தினி அப்படியே எழுதினாள். (இங்கேயும் பெயர்களையும் ஊரையும் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். அவர் அனுமதியோடு.)

மழை விடக் காத்திருந்தபோது அவர் ஒரு கேள்வி கேட்டார். "எங்கள மாதிரி வேற பொம்பளைங்க இந்த ஊர்ல இருந்தாங்களா?"

அத்தனை வருடமும், இந்தப் பெரிய ஊரில் தாங்கள் இரண்டு பேர் மட்டும்தான் என்று அவர்கள் நினைத்திருக்கிறார்கள்.

நந்தினி பீரோவைத் திறந்து அந்த மெல்லிய ஃபைலிலிருந்து ஒரு போட்டோவைக் கொண்டுவந்து வைத்தாள். அதே காலம். புடவை கட்டிய இரண்டு பெண்கள், ஒரு சைக்கிள், ஒருத்தியின் கை மற்றவள் தோளில். கஸ்தூரி அக்கா வெகுநேரம் பார்த்தார். எந்த ஏரியா என்று கேட்டார். ஸ்ரீராம்புரம் என்றாள் நந்தினி.

"அங்கதான் நாங்க ஞாயித்துக்கிழம கறி வாங்கப் போவோம்" என்றார். போட்டோவின் ஓரத்தை விரலால் தொட்டார். "பாத்திருப்போம். பேசியிருக்கலாம்."

அந்தக் கறிக்கடை க்யூவில் அவர்கள் நால்வருக்கும் நடுவில் நின்றிருந்தது வேறு யார்? நீங்களும் நானும்தான்.