இருமலுக்கு அரியலூர், இதயத்துக்குத் திருச்சி

முட்டாள்களில் பல ரகம் உண்டு. "வேற ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா?" என்று டாக்டர் கேட்கும்போது, சட்டைப்பையில் மாத்திரை அட்டையை வைத்துக்கொண்டே "ஒண்ணுமில்லீங்க சார்" என்று சொல்கிறவன் அதில் முதல் ரகம். சொன்னவன் வேறு யாருமில்லை, நான்தான்.

எண்பதுகளின் கடைசியில் நடந்தது இது. எனக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. பெரம்பலூரில் எடுத்து அரியலூர் வழியாகக் கீழப்பழுவூர் போகிற பஸ்ஸில் கண்டக்டர். முந்தின வருஷம் நெஞ்சுவலி வந்து திருச்சியில் பத்து நாள் படுத்து எழுந்திருந்தேன். வேலைக்குப் போகலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்த அன்றைக்கே டிக்கெட் பையைத் தோளில் மாட்டிவிட்டேன். அந்தப் பை இல்லாவிட்டால் நான் யாரிடம் பேசுவது? வீட்டில் என் பேச்சைக் கேட்க ஒருத்திதான், அவளும் பாதியில் எழுந்து போய்விடுவாள். பஸ்ஸில் அறுபது பேர், எழுந்து போக இடமும் கிடையாது.

சில மாதம் கழித்துத் திருச்சி டாக்டர் இதயத்துக்குப் பழைய மாத்திரையை நிறுத்திவிட்டுப் புதுசாக ஒன்று எழுதினார். கொஞ்ச நாளில் இருமல் ஆரம்பித்தது. சளி கிடையாது, காய்ச்சல் கிடையாது. தொண்டைக்குள் யாரோ கோழி இறகை விட்டுச் சுழற்றுகிற மாதிரி ஒரு நமைச்சல், உடனே ளொக் ளொக் என்று இரட்டையாக ஒரு இருமல். பேசினால் வரும், சிரித்தால் வரும். நான் இந்த இரண்டையும் தவிர வேறு எதுவும் செய்யாத ஆள்.

பழி போட எனக்கு ஆளா பஞ்சம்? முதலில் சுண்ணாம்புக்கல் லாரிகளைத் திட்டினேன். அப்புறம் சிமெண்ட் தூசி, அப்புறம் பஸ் ஸ்டாண்ட் டீ. சித்தரத்தையை வாயில் அடக்கினேன், ஆடாதொடைக் கஷாயம் குடித்தேன், பனங்கற்கண்டு தின்றே பல்லைக் கெடுத்துக்கொண்டேன். ஜனங்கள் டி.பி.யோ என்று நினைத்துக்கொண்டு முகத்தைத் துணியால் மூடினார்கள். என் சீட்டுக்குப் பக்கத்தில் தீபாவளிக் கூட்டத்திலும் ஒரு இடம் காலியாகவே இருந்தது.

கடைசியில் அரியலூரில் ஒரு டாக்டரிடம் போனேன். ரத்தத்தைச் சோதித்தார், எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். எதிலும் ஒன்றும் இல்லை. அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார், நானும் அந்தப் பொய்யைச் சொன்னேன். நெஞ்சுவலிக்காரன் இருமுகிறான் என்று பேச்சுக் கிளம்பி டிப்போ வரை போய்விட்டால், என்னை ஆபீஸில் பேப்பர் அடுக்க உட்கார வைத்துவிடுவார்களே என்ற பயம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் என் சொந்த விஞ்ஞானம். இருமலுக்கு அரியலூர், இதயத்துக்குத் திருச்சி. ஒரே உடம்பை இரண்டு டிப்போவாகப் பிரித்து, இந்த வண்டி அந்த ரூட்டில் ஓடாது என்று நானே தீர்மானம் செய்து வைத்திருந்தேன்.

கண்டக்டர் பாஷை உங்களுக்குத் தெரியும். ஒரு விசில் கொடுத்தால் வண்டி நிற்கும், இரண்டு கொடுத்தால் கிளம்பும். கையில் டிக்கெட்டும் சில்லறையும் இருப்பதால் விசிலை உதட்டிலேயே கவ்விக்கொள்வது என் வழக்கம். இருமல் வந்த புதிதில் அதுவே வேடிக்கையாக இருந்தது. ஓடுகிற வண்டியில் இருமினால் முதல் ளொக்கே விசிலை ஊதிவிடும். ஆளே இல்லாத பொட்டல்காட்டில் வண்டி நிற்கும், டிரைவர் திரும்பி முறைப்பார், நான் நெஞ்சைத் தொட்டுக் காட்டுவேன், பஸ்ஸே சிரிக்கும். நானும் சிரிப்பேன். சிரித்தால் மறுபடி இருமல்.

ஒருநாள் காலை, கீழப்பழுவூருக்கு முந்தின நிறுத்தம். கத்திரிக்காய் விற்கிற ஒரு அம்மா, எங்கள் தினசரி பாசஞ்சர், முன்வாசல் வழியாகக் கூடையோடு இறங்கிக்கொண்டிருந்தார். ஒரு கால் ரோட்டில், ஒரு கால் படியில். நான் பின்னால் நின்று, அவர் இறங்கி முடிக்கட்டும் என்று விசிலைக் கவ்விக்கொண்டு காத்திருந்தேன். அந்த நேரம் பார்த்துத் தொண்டைக்குள் இறகு சுழன்றது. ளொக் ளொக். விசில் அதை அழகாக இரண்டாகவே ஊதியது. வண்டி கிளம்பிவிட்டது.

ஜன்னலோரம் இருந்தவர்கள் தகரத்தைத் தட்டிய தட்டில் டிரைவர் பிரேக்கை மிதித்தார். நான் ஓடிப் போய்ப் பார்த்தேன். அந்த அம்மா ரோட்டில் விழுந்து கிடந்தார். பின்சக்கரம் அவருடைய கத்திரிக்காய்களின் மேல் ஏறி நின்றிருந்தது. சக்கரத்துக்கும் அவர் காலுக்கும் நடுவில் ஒரு ஜாண் இருக்கலாம். முழங்காலில் சிராய்ப்பு, அவ்வளவுதான். அவர் எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை.

மதியம் டிப்போவில் டிரைவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். என்னைவிட மூத்தவர், அதிகம் பேசாதவர்.

"விசில் கேட்டுச்சு, எடுத்தேன். அவ போயிருந்தா நான்ல ஜெயிலுக்குப் போயிருப்பேன்? நீ இருமலை விட்டுட்டு வா. இல்லேன்னா ஒன்ன வச்சுக்கிட்டு நான் வண்டி எடுக்க மாட்டேன்."

வீட்டுக்கு வந்து, ஒரு பகடி கூட இல்லாமல் நடந்ததைச் சொன்னேன். அதிலேயே என் மனைவி பயந்துவிட்டாள். விரலை மடக்கி நாள் எண்ணினாள்.

"எந்தங்கச்சி மக சடங்குக்குப் போனப்ப நீங்க இருமவே இல்ல. மறுவாரந்தான் புது மாத்திரை வாங்கியாந்தீங்க. அன்னிலேருந்து யாராச்சும் இந்த வூட்ல தூங்கியிருக்கோமா?"

மாத்திரை வியாதியைத் தீர்க்கும், வியாதியைக் கொடுக்குமா என்று எப்போதும்போல் கேலி செய்ய வாயைத் திறந்தேன். இருமல்தான் வந்தது.

மறுநாள் முதல் பஸ்ஸில் திருச்சி. இந்தத் தடவை எல்லாவற்றையும் கொட்டினேன், அரியலூரில் சொன்ன பொய் உட்பட. டாக்டர் மாத்திரை அட்டையை வாங்கிப் பார்த்தார். இந்த மாத்திரையால் சிலருக்கு இப்படி வறட்டு இருமல் வருவது உண்டு, உங்களுக்கும் அதுவாக இருக்கலாம், மாற்றிப் பார்ப்போம் என்றார். சொல்லாமல் மறைத்ததற்கு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். நானாக மாத்திரையை நிறுத்தாமல் வந்தது ஒன்றுதான் நான் செய்த புத்திசாலித்தனமாம். அதையும் யோசித்துச் செய்யவில்லை என்பதை அவரிடம் சொல்லவில்லை.

மாற்றிய மறுநாளே நின்றுவிடவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, மூன்றாவது வாரக் கடைசியில் ஒரு முழுக்கதையை இருமாமல் சொல்லி முடித்தேன். அது வரைக்கும் லீவு. திரும்ப வந்தபோது டிரைவர் என் விசிலுக்கு வண்டியை எடுத்தார்.

இன்றைக்கும் எந்த டாக்டர் முன் உட்கார்ந்தாலும், அவர் கேட்பதற்கு முன்னாலேயே என் மாத்திரைகளை மேஜைமேல் பரப்பிவிடுகிறேன். என் உடம்பில் நான் மறைக்கிற விஷயம் என்னோடு மட்டும் போகாது, படியில் ஒரு காலை வைத்திருக்கிற இன்னொருவர்மேலும் ஏறும் என்று எனக்குத் தெரியும்.

லீவு முடிந்த முதல் வாரத்திலேயே அந்தக் கத்திரிக்காய் அம்மா ஏறினார். அவருடைய நிறுத்தம் வந்ததும் விசிலைக் கையில் பிடித்துக்கொண்டு முன்வாசலுக்கே போய், கூடையை ஒரு கையால் தாங்கிக்கொண்டேன். மன்னிச்சுக்கணும், மாத்திரையால வந்த இருமல்தான் அது, இப்ப முழுசா போயிடுச்சு என்று பெருமையாக அறிவித்தேன். அவர் படியில் நின்றபடி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அத நான் எறங்குனதுக்கப்பறம் சொல்லுங்க."