ஒத்த வாசல்

திருத்தங்கலில் ஓர் அச்சகத்தில் அமெரிக்கத் தமிழர்களுக்காகக் காலண்டர் அடித்தார்கள். மாதத்துக்கு ஒன்றாக அங்குள்ள காட்டு விலங்குகள்: ரக்கூன், வெண்வால் மான், கருங்கரடி என்று. பெயர்களில் பிழை பார்த்துக் கொடுத்திருந்த நான், அச்சானதைப் பார்க்கப் போயிருந்தேன்.

தாள்களை அடுக்கித் தகரப் பட்டை பொருத்தும் அறையில்தான் அந்த அம்மாவைப் பார்த்தேன். இடது காதிலிருந்து கழுத்துவரை தோல் வெந்து மினுமினுத்தது. மற்ற பெண்கள் மின்விசிறிக்கு அடியில் இருக்க, இவர் மட்டும் வெயில் முகத்தில் அடிக்க வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"உள்ள தள்ளி உட்காரலாமே?" என்றேன்.

"பட்டாசு ரூம்ல வேல பாத்தவ சார். வாசலப் பாத்து உக்காந்தாத்தான் கை ஓடும்."

ஜனவரித் தாளில் படுத்திருந்த கரடியைக் காட்டி, "இது எங்கன கெடக்கு?" என்று கேட்டார்.

"மரப்பொந்துல. கரடி குளிர்காலம் பூரா உள்ளேயே தூங்கும்."

"பொந்துக்கு எத்தன வாசலு?"

"ஒண்ணுதான்."

"ஒத்த வாசல வச்சுக்கிட்டு எப்பிடி சார் தூங்குது?"

பதில் சொல்வதற்குள் சுமை தூக்குகிறவர் காலண்டர் கட்டுகளைக் கொண்டுவந்து வாசலில் அடுக்கத் தொடங்கினார். அந்த அறைக்கும் வாசல் ஒன்றுதான்.

"ஏலே, அங்கன வைக்காதலே!" என்று அம்மா கத்தினார்.

"சீசன்ல வேற எடம் ஏதுக்கா?" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

அம்மா உட்கார்ந்தபடியே ஒரு காலால் கட்டைத் தள்ளினார். அசையவில்லை. மறுகாலையும் கொடுத்துத் தள்ளினார்.

ஜனவரியில் என் வீட்டுச் சுவரில் அந்தப் படத்தைக் கிட்டே போய்ப் பார்த்தேன். கரடி பொந்தின் வாசல் பக்கம் முகத்தை வைத்துத்தான் படுத்திருந்தது. கண் திறந்திருந்தது.